ஆடு தின்னாத மரம்

ஆட்டுக்கார மச்சான் ஞானப்பிரகாசத்துக்கு, உன் தங்கையைக் கட்டிய மேஸ்திரி மாப்பிள்ளை சூசை அன்போடு எழுதுவது.

இங்கே எல்லாரும் சுகம். உன் சுகத்தைக் கேட்க வழியில்லை. நன்றாகத்தான் இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ உயிரோடு இருந்தவரை உனக்கு ஒரு கடிதம் எழுதியதில்லை. எழுதியிருந்தாலும், "இதுல இன்னா எழுதியிருக்குது, படி மாப்ள" என்று என்னிடமேதான் கொண்டுவந்திருப்பாய்.

கல்லறைத் திருநாளுக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. லூர்து தினமும் கேட்கிறாள். "இன்னாங்க, எங்கண்ணன் கல்லறைய எப்ப செதுக்கப் போறீங்க? ஊர்ல பாதி பேரு முடிச்சிட்டாங்க." நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லித் தப்பித்து வருகிறேன். நீ போனதிலிருந்து ஒரு வருஷம்கூட நான் தவறியதில்லை. மண்வெட்டியோடு போய், உன் மேல் முளைத்த புல்பூண்டு எல்லாவற்றையும் வேரோடு செதுக்கி எறிந்து, மண்ணை மெழுகினாற்போல் தட்டி, சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டு வருவேன். இந்த வருஷம் கை எழவில்லை. ஏன் என்பதை லூர்துவிடம் சொல்லுமுன் உன்னிடம் சொல்லிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

கதை தொண்ணூற்று மூன்றில் தொடங்குகிறது. ஏரிக்கும் நம் தெருவுக்கும் நடுவே கிடந்த செம்மண் மேட்டில் தைலமரம் நட ஆட்கள் வந்தார்கள். எனக்கு மேஸ்திரி வேலை கொடுத்தார்கள். கழுத்தில் ஒரு விசில், கையில் ஒரு நோட்டு. பத்தாவதில் தோற்றவனுக்கு அது கலெக்டர் உத்தியோகம் மாதிரி இருந்தது. நம் தெருக்காரர்களுக்கு அந்த வருஷம் ஊருக்குள்ளேயே கூலி கிடைத்தது. கடலைக்கொல்லையில் மல்லாட்டை பறிக்க, கரும்பு வெட்ட என்று யாரும் பஸ் ஏறிப் போகவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். நான் கெட்டது செய்யப் புறப்படவில்லை மச்சான்.

இடத்தைப் பார்க்க வந்த ஆபீசர் ஜீப்பிலிருந்து இறங்காமலே கேட்டார். "இந்த இடத்துல என்னப்பா இருக்கு?"

"ஒண்ணுமில்லீங்க சார். வெறும் பொதருதான்."

அவர் எழுதிக்கொண்டார். ஜீப் போய்விட்டது.

அந்தப் புதரில்தான் உன் இருபது ஆடுகளும் வளர்ந்தன. களா, காரை, சூரை, ஆதண்டை என்று முள்ளு முள்ளாய் நிற்கும். அதன் நிழலில் நன்னாரி ஓடும். தண்ணீர்விட்டான் கிழங்கு இருக்கும். மழை பெய்து பத்து நாளில் கண்வலிக் கிழங்கு கொடிவிட்டு, தீப்பிடித்தாற்போல் பூக்கும். பெயர் தெரியாதவை அதைவிட அதிகம். பெயர் தெரியாவிட்டால் உனக்கென்ன, நீயே வைத்துக்கொள்வாய். சினையாட்டுக்குப் பறித்துப் போடுவது சினைத்தழை. உன் நொண்டி ஆடு தேடித் தேடித் தின்றது மொண்டிக்கொடி. இதெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கும் மனப்பாடம். அப்படியிருந்தும் ஒன்றுமில்லை என்று சொன்னேன்.

தெரிந்தே பொய் சொன்னேனா? இல்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறவில்லை. தெரிந்து சொல்லியிருந்தால் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லி, கொடுத்த ஜெபத்தைச் சொல்லி முடித்திருப்பேன். நான் நிஜமாகவே அங்கே ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். மரம் என்றால் இருக்கிறது. முட்டிக்குக் கீழே வளர்வதெல்லாம் ஒரு கணக்கா என்று இருந்தேன். இதை எந்தப் பாவத்தில் சேர்ப்பது?

மேட்டை வழித்து முடிக்க ஒரு மாதம் ஆயிற்று. குழி போட்டு, கன்று வைத்து, கன்றைச் சுற்றி ஒரு புல்லும் இல்லாமல் செதுக்கச் சொல்லி விசில் ஊதிக்கொண்டிருந்தேன். நீ ஆடுகளோடு வந்து நின்றாய். ஆடுகள் எங்கே வாய் வைப்பது என்று தெரியாமல் கத்தின.

"இன்னா மாப்ள, எல்லாத்தையும் வழிச்சிப்புட்ட? என் ஆடு இன்னாத்த தின்னும், உன் விசிலையா?"

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வந்தது. ஆபீசர் சொல்லிக்கொடுத்ததை அப்படியே உன்னிடம் ஒப்பித்தேன். "இத ஆடு திங்காது மச்சான். அதான் இதுல விசேசமே. வேலி வேணாம், காவல் வேணாம். தானா வளந்துக்கும்."

நீ ஒரு இலையைக் கிள்ளி மோந்து பார்த்தாய். உன் நொண்டி ஆட்டின் மூக்கருகே நீட்டினாய். அது தும்மிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. "ஆடு திங்காத மரத்துக்குக் கீழ ஆடு திங்கற செடியும் மொளைக்காது. பாத்துக்கினே இரு," என்றாய்.

படிக்காதவன் பேச்சு என்று நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்கே கூசுகிறது.

பிறகு நடந்தது உனக்குத் தெரியாததா. கொஞ்ச நாள் ஏரிக்கரையில் மேய்த்தாய். அங்கே வயல்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். பிறகு திருவக்கரைப் பக்கத்து ஓடை வரைக்கும் ஓட்டிக்கொண்டு போனாய். விடியலில் போனால் பொழுது சாய்ந்துதான் வருவாய். ஆடுகள் நடந்து நடந்தே இளைத்தன. இரண்டிரண்டாய் சந்தைக்குப் போயின. "ஆட்டையெல்லாம் வித்துட்டு தோப்புல வேலைக்கு வா மச்சான், நான் சேத்துக்கறேன்" என்று பெரிய மனுஷனாட்டம் சொன்னேன். "நீ விசில் ஊதுனா ஓடறதுக்கு நான் இன்னா பஸ்ஸா மாப்ள?" என்றாய். கடைசி ஆட்டை விற்ற மாதமே வளவனூருக்குக் கரும்பு வெட்டப் போனாய். ஊரில் மற்றவர்களுக்கு இல்லாமல் போன பஸ் பயணம் உனக்கு வந்து சேர்ந்தது.

தைலமரம்தான் உன்னைக் கொன்றது என்று எழுத மாட்டேன். அது அநியாயம். நெஞ்சுவலி வந்து கரும்புக்கொல்லையில் விழுந்தாய். நீ குடித்த பீடிக்கு அதில் பெரிய பங்கு உண்டு, மறுக்காதே. ஆனால் சொந்தக் காலில் நின்றவன் கூலிக்காரனாய்ச் செத்தாய். அதில் என் பங்கு உண்டு. அதைப் பற்றி நாம் கடைசிவரை பேசவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரே சட்டிக் கறிக்குழம்பைச் சுற்றி உட்கார்ந்து தின்றோம். ஊர்ச் சண்டை எல்லாம் பேசினோம், மேட்டைத் தவிர. நீ ஏன் ஒரு நாளாவது என்னை நாலு வார்த்தை திட்டவில்லை? லூர்துவுக்காகவா?

இப்போது சேதிக்கு வருகிறேன். போன வாரம் திண்டிவனத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ரேவதி என்று பெயர். காலேஜில் படிக்கிறாள். தைலந்தோப்பில் மரத்துக்கு அடியில் என்னென்ன செடி முளைக்கிறது என்று எண்ண வேண்டுமாம். யாரோ என்னைக் கைகாட்டிவிட்டார்கள், பழைய மேஸ்திரிக்கு எல்லாம் தெரியும் என்று.

அவளிடம் ஒரு சணல் கயிறு இருந்தது. நாலு முளைக்குச்சி அடித்து, கயிற்றைச் சுற்றிச் சதுரமாகக் கட்டுகிறாள். அந்தச் சதுரத்துக்குள் இருக்கும் செடிகளை மட்டும் எண்ணுகிறாள். முதல் சதுரத்தில் உரிந்த பட்டையையும் காய்ந்த சருகையும் ஒதுக்கிப் பார்த்தால், உண்ணிச்செடி ஒன்று, பார்த்தீனியம் கொஞ்சம், சோகை பிடித்த ஏதோ ஒரு புல். அவ்வளவுதான். இரண்டாவது சதுரத்தை நானே இடம் பார்த்துப் போடச் சொன்னேன். சூரைப் புதர் நின்ற பள்ளம் அது, எனக்கு நன்றாகத் தெரியும். மழை பெய்து பத்து நாள்கூட ஆகவில்லை. சருகுக்கு அடியில் கையை விட்டுத் துழாவினேன். மண் சாம்பல் மாதிரி உலர்ந்து கிடந்தது.

அவள் பேனாவை எடுத்துக்கொண்டு கேட்டாள். "ஒண்ணுமில்லன்னு எழுதிக்கவாங்கய்யா?"

கேட்டாயா மச்சான். ஜீப்பில் இருந்தவருக்கு நான் சொன்ன அதே வார்த்தை. அன்றைக்கு அது பொய். இருபது வருஷம் பாடுபட்டு அதை உண்மையாக்கியிருக்கிறேன். எழுதிக்கொள் என்று தலையை ஆட்டினேன்.

"இந்த மரம்தான் எல்லாத்தையும் கொன்னுடுச்சி, இல்லம்மா?" என்று கேட்டேன். பழியைத் தூக்கி மரத்தின் மேல் போட்டால் கொஞ்சம் லேசாக இருக்குமே என்று ஒரு ஆசை.

"மரத்த மட்டும் குத்தம் சொல்ல முடியாதுங்கய்யா," என்றாள். "அது தண்ணிய நெறைய உறிஞ்சும், சருகும் சீக்கிரம் மக்காது, வாஸ்தவம்தான். ஆனா குயிலாப்பாளையம் பக்கம் போயி பாத்தேன். அங்கயும் முன்ன நட்டது வெளிநாட்டு மரந்தான். நட்டுட்டு கீழ யாரும் கை வெக்கல. இப்ப அந்த நெழல்ல காரையும் களாவும் தானா வந்துக்கினு இருக்குது. இங்க நீங்க நாலஞ்சு வருசத்துக்கு ஒரு தரம் வெட்டுறீங்க, டிராக்டர் விட்டு ஓட்டுறீங்க, அப்புறம் செதுக்குறீங்க. எது தாங்கும்?"

நீங்க, நீங்க என்றாள். ஊரைச் சொன்னாள். எனக்கு என்னைச் சொன்ன மாதிரியே இருந்தது.

அடுத்து அவளுக்கு, மரமே நடாத பழைய இடம் ஒன்று வேண்டுமாம். அதையும் எண்ணி, இரண்டையும் ஒப்பிட வேண்டுமாம். எனக்கு யோசித்து யோசித்துப் பார்த்தும் அப்படி ஒரு இடம் தோன்றவில்லை. மேடு தோப்பாகிவிட்டது. பாறையடி பிளாட் ஆகிவிட்டது. கடைசியில் கல்லறைத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்தது. அதுவும் அந்த மேட்டோடு சேர்ந்த மண்தானே. புதைத்த இடம் என்று யாரும் அங்கே மரம் நடவில்லை.

நீ படுத்திருக்கும் மூலைக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். ஊரில் பாதிப் பேர் கல்லறைக்குச் சிமெண்டு பூசிவிட்டார்கள். நீ இன்னும் மண்மேடுதான், மன்னித்துக்கொள். மழைக்குப் பிறகு உன் மேல் பச்சை நெஞ்சுயரம் இல்லையென்றாலும் முழங்காலுக்கு நின்றது. ரேவதி கயிற்றை எடுத்தவள் தயங்கினாள்.

"யாரோட கல்லறைங்கய்யா?"

"என் மச்சான்."

"இங்க கயிறு கட்டினா கோவிச்சுக்க மாட்டாரா?"

"ஆட்டைக் கட்டினாகூட கோவிச்சுக்க மாட்டாம்மா. கயிறு தான, கட்டு."

உட்கார்ந்தாள். எழுந்திருக்கவே இல்லை. எழுதி எழுதி நோட்டில் ஒரு பக்கம் நிறைந்து மறுபக்கம் திருப்பினாள். நன்னாரி இருந்தது. தண்ணீர்விட்டான் இருந்தது. உன் சிலுவையைப் பிடித்துக்கொண்டு கண்வலிக் கொடி ஏறிக்கொண்டிருந்தது. காலடியில் சின்னதாய் ஒரு தழையைப் பார்த்ததும் நான், "அட, சினைத்தழை!" என்று கத்திவிட்டேன். அவள் தன் புத்தகத்தைப் புரட்டினாள்.

"அப்படி ஒரு பேரு இதுல இல்லையேங்கய்யா."

"புத்தகம் எழுதினவரு ஆடு மேய்ச்சிருக்க மாட்டாரும்மா. நீ எழுதிக்கோ."

எழுதிக்கொண்டாள். மொண்டிக்கொடியையும் எழுதிக்கொண்டாள். நீ கைநாட்டு மச்சான். நீ வைத்த பெயர் காலேஜ் நோட்டில் ஏறிவிட்டது. அந்தச் சந்தோஷம் இரண்டு நிமிஷம்தான் நீடித்தது.

"வருசா வருசம் இத செதுக்குவீங்களா?" என்று கேட்டாள்.

பெருமையாகத்தான் சொன்னேன். "பின்ன? கல்லறைத் திருநாளுக்கு ஒரு புல்லு இருக்காது. நானே செதுக்குவேன்."

அவள் கண்வலிப் பூவைத் தொட்டுக் காட்டினாள். "இப்பத்தான் பூக்குது. காயி வந்து முத்த தை மாசம் ஆவும். நீங்க நவம்பர் ரெண்டுக்குள்ள செதுக்கிடறீங்க. ஒரு வருசம்கூட இது வெதை போட்டதில்லைங்கய்யா. ஏதோ கிழங்கு இருக்கிற தயவுல திரும்பத் திரும்ப மொளைக்குது. வெதைய மட்டும் நம்புற செடியெல்லாம் இந்த மூலையில எப்பவோ போயிருக்கும்."

அவள் குறை சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னாள். மேட்டில் கூலிக்காகச் செதுக்கினேன். சரி. இங்கே? உன் மேல் இருந்த பாசத்தில் செதுக்கினேன். உன் ஆடுகள் தின்றதில் மிச்சம் மீதி எல்லாம் தப்பித்து ஓடிவந்து உன் மேல் ஒண்டிக்கொண்டிருக்கிறது. நான் வருஷம் தவறாமல் மண்வெட்டியோடு அங்கேயும் வந்து நின்றிருக்கிறேன். இதைவிடக் கூத்து உண்டா மச்சான்? நீ இருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய்.

கேள், இன்னும் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் காரியம் பார்க்கும் உபதேசியார் எல்லாரையும் கொஞ்சம் இருக்கச் சொன்னார். "செதுக்க ஆளு கெடைக்கல, ஒரே பேஜாரா கீது. இந்த வருசம் கல்லறைத் தோட்டம் பூரா களை மருந்து அடிச்சிட்டா ஜல்தியா முடிஞ்சிரும். சூசை மேஸ்திரி நின்னு பாத்துக்குவாரு," என்றார்.

எழுந்து நின்றேன். "மருந்து வேணாங்க. வேரு செத்துப்பூடும்."

"கல்லறையில ஆளே செத்துதான கெடக்குறாங்க, வேரு செத்தா இன்னா?" என்று பின்னாலிருந்து ஒருத்தன் சொன்னான். கோயிலே சிரித்தது. "டிராக்டர் விட்டு மேட்டையே பொரட்டுனவரு, இப்ப புல்லுக்குப் பரிஞ்சிக்கினு வர்றாரு பாரு," என்றான் இன்னொருத்தன்.

உட்கார்ந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். கால் மடங்கவில்லை. "ஆமா, நான்தான்," என்றேன். "அந்த மேட்டுல ஒண்ணுமில்லன்னு ஆபீசர்கிட்ட சொன்னதும் நான்தான். இருந்திச்சி. எல்லாமே இருந்திச்சி. எனக்குப் பாக்கத் தெரியல. தப்பு பண்ணிட்டேன். மிச்சம் இருக்கிறதயும் என் கையாலயே மருந்து அடிக்கச் சொல்லாதீங்க."

நான் உட்காராமல் நிற்பதைப் பார்த்து உபதேசியார் பயந்துவிட்டார் போலிருக்கிறது. மருந்து வேண்டாம், பாதையை மட்டும் எல்லாரும் சேர்ந்து சுத்தம் செய்யலாம், அவரவர் கல்லறையை அவரவர் பார்த்துக்கொள்ளுங்கள் என்று முடித்துவிட்டார். ஊரார் கல்லறை மேல் எனக்கு அதிகாரம் இல்லை. எனக்கு என்று இருப்பது உன் ஆறடி மட்டும்தான்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலையில் லூர்துவிடம் சொல்லிவிட்டேன், இந்த வருஷம் செதுக்கப் போவதில்லை என்று. அரிசி களைந்துகொண்டிருந்தவள் அப்படியே நிறுத்தினாள்.

"எல்லா கல்லறையும் பளிச்சின்னு இருக்கும். எங்கண்ணன் மட்டும் நாதியில்லாத பொணமாட்டம் பொதருல கெடக்கணுமா?"

ரேவதி சொன்னதையெல்லாம் சொன்னேன். கிழங்கு, விதை, தை மாசம், எல்லாம். எந்தக் காதில் வாங்கினாளோ.

"உசுரோட இருந்தப்ப அவன் மேய்ச்சல புடுங்கிக்கினீங்க," என்றாள். "செத்தப்புறம் மரியாதையையும் புடுங்கிக்கிறீங்களா?"

இத்தனை வருஷமாக இது அவள் மனசில் இருந்திருக்கிறது மச்சான். என் விசிலைப் புளி போட்டுத் துலக்கிக் கொடுத்தவள், ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லிவிட்டாள். உன்னிடம் கேட்டால் அவள் பக்கம்தான் பேசுவாய். ஆனாலும் கேட்கிறேன். சுத்தமாக இருக்கும் வெறும் மண் உனக்கு மரியாதையா? இல்லை, உன் ஆடுகள் தேடின தழை உன் மேல் காய்த்து நிற்பதா? நீ ஒரு தலையாட்டு ஆட்டினால் போதும், நான் லூர்துவின் காலில் விழுந்தாவது புரியவைப்பேன். நீ ஆட்டப்போவதில்லை. நானாகத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. மேட்டில் எடுத்த முடிவு தப்பாயிற்று. இதுவும் தப்பாக இருந்தால் இரண்டுக்கும் சேர்த்து நான் அங்கே வந்ததும் நீயே என்னை ஒரு கை பார்த்துக்கொள்.

சத்தியமாகச் சொல்கிறேன். தை பிறந்து, காய் வெடித்து, விதை விழும்வரை உன் மேல் மண்வெட்டி படாது. என்னுடையதும் படாது, வேறு எவனுடையதும் பட விடமாட்டேன். நான் இருக்கும்வரை ஒவ்வொரு வருஷமும் இப்படித்தான்.

திருநாளன்று சாயங்காலம் சாமியார் ஒவ்வொரு கல்லறையாக மந்திரித்துக்கொண்டு வருவார். உன் புதருக்குப் பக்கத்தில் நான் நிற்பேன். லூர்து வந்து நிற்பாளா என்று தெரியவில்லை. போகிறவர் வருகிறவர் எல்லாம், மச்சான் கல்லறையை இப்படிப் போட்டுவிட்டானே என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். கேட்கிற ஒவ்வொருவருக்கும், அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவேன். மற்றவர்கள் மேட்டின் மேல் மெழுகுவத்தியை நட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உன் மேல் நட்டால் தழை பொசுங்கிவிடும். அதனால் கையிலேயே பிடித்துக்கொண்டு, அது எரிந்து தீரும்வரை நிற்பேன். மெழுகு விரலில் வழிந்து சுடும். சுடட்டும் மச்சான்.

வெட்கத்தோடும் பாசத்தோடும்,
உன் தங்கை புருஷன்
சூசை